நம்பியவரே நம் பெயரில் கடன் வாங்கியிருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகம் தெரியாத மோசடிக்காரன் என்றால் கோபப்படுவது சுலபம், புகார் கொடுப்பதும் சுலபம். ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கடன் வாங்கியது மச்சானோ, சித்தப்பா மகனோ, கூட வேலை பார்க்கிறவரோ என்றால் கை நடுங்குகிறது. கேட்கிறவர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். சந்தேகங்கள் மட்டும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறோம். சட்டம், விதி எல்லாம் இந்தியாவுக்கானவை.

1. என் பேர்ல லோன் ஓடுதுன்னு சந்தேகமா இருக்கு. எங்க பார்த்தா தெரியும்?

கிரெடிட் ரிப்போர்ட்டில் (உங்கள் பெயரில் உள்ள கடன்களின் வரலாற்று அறிக்கை) தெரியும். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இதை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுங்கள். சிபிலில் காணாத மகளிர் குழுக் கடன் கிரிஃபில் கிடக்கலாம். கடன் கொடுத்தவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில்தான் விவரம் அனுப்புகிறார்கள் என்பதால், போன வாரம் வாங்கிய கடன் இன்று தெரியாமல் போகலாம். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

பெரும்பாலானவர்கள் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடன் கணக்குகளின் பட்டியலோடு 'என்கொயரி' பகுதியையும் படியுங்கள். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கியது என்று அதில் இருக்கும். கடன் கிடைக்காமல் போன முயற்சிகளும் அங்கே பதிவாகியிருக்கும். அப்புறம் முகவரி, போன் எண் பகுதி. ஆள் அகப்படுவது பல நேரம் இங்கேதான்: நீங்கள் குடியிருக்காத ஒரு விலாசம், நீங்கள் வைத்திராத ஒரு நம்பர். அது யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கூடவே சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது அல்லாத எண்ணைத் துண்டிக்கச் சொல்லலாம். அதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துண்டித்த பிறகு அது பட்டியலில் இருக்காது.

2. யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுபோச்சு. முதல்ல அவன்கிட்ட கேட்கட்டுமா, பேங்குக்குப் போகட்டுமா?

பேங்குக்கு. நேரில் போய்ச் சட்டையைப் பிடித்தால் அன்று இரவே வாட்ஸ்அப் செய்திகள் அழிக்கப்படும், சிம் மாறும், மறுநாள் காலையில் உங்கள் அம்மாவிடமிருந்து போன் வரும். கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. காகிதங்கள் கைக்கு வந்தபின் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. மின்னஞ்சல், நெட் பேங்கிங், யூபிஐ கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலின் மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்பதை *#21# அழுத்திப் பார்க்கலாம். பணம் போய்ச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள். போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து எடுப்பதற்குள் முடக்கினால்தான் பணம் மிஞ்சும்.

3. பேங்க்ல போய் என்னன்னு கேட்கிறது? "லோன் உங்க பேர்லதான் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க.

கவுண்டரில் வாயால் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். எழுத்தில் கொடுங்கள். கிளைக்கு ஒரு பிரதி, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் ஒன்று. கிளைப் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கடிதத்தின் உயிர் நான்கு வரிதான்: "இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடவில்லை. தொகை என் பயன்பாட்டுக்கு வரவில்லை. என் சார்பில் கடன் வாங்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை." இதில் எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மற்ற மூன்றும் செல்லாக்காசாகிவிடும்.

அதே கடிதத்தில் இவற்றின் பிரதிகளைக் கேளுங்கள்: விண்ணப்பம், கடன் ஒப்பந்தம், கொடுக்கப்பட்ட அடையாள ஆவணங்கள், எடுக்கப்பட்ட போட்டோ அல்லது வீடியோ, பதிவான போன் எண்ணும் மின்னஞ்சலும், ஓடிபி எந்த எண்ணுக்கு எந்த நேரத்தில் போனது என்ற பதிவு, பணம் போய்ச் சேர்ந்த கணக்கு எண், மாதத் தவணை பிடிக்கக் கொடுத்த வங்கி அனுமதி. போட்டோ மச்சானுடையதாக இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

ஆப் மூலம் வாங்கிய கடன் கொஞ்சம் வேறு மாதிரி. ரிசர்வ் வங்கி விதிப்படி தொகை கடன் வாங்கியவரின் கணக்குக்கே நேராக வரவேண்டும். அதனால் பணம் உங்கள் கணக்குக்கு வந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால், உதாரணத்துக்கு, இரவு 11.42-க்கு 48,260 ரூபாய் வரவு, 11.44-க்கு யூபிஐயில் 48,000 பற்று என்று அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ் மட்டும் உங்கள் போனில் இருக்காது. வந்த இரண்டாவது நிமிடத்திலேயே யார் கணக்குக்குப் போனது என்பதுதான் உங்கள் மிகப் பெரிய ஆதாரம்.

ஆதார் இணையதளத்தில் உங்கள் எண் எப்போது, எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறு கிடைக்கும். கடைசி 6 மாதம் மட்டும்தான் காட்டும். எனவே முதல் நாளே இறக்கி வையுங்கள்.

4. ஓடிபி நான்தான் சொன்னேன். அண்ணன் கேட்டான், கொடுத்துட்டேன். அப்போ எல்லாம் என் தலைலதானா?

எதற்கு என்று சொல்லிக் கேட்டார் என்பதைப் பொறுத்தது. "கேஸ் மானியம் அப்டேட் பண்றேன்" என்று சொல்லி வாங்கிய ஓடிபியைக் கடன் ஒப்பந்தத்துக்கு வைத்தால் அது ஏமாற்று. நீங்கள் சம்மதித்தது மானியத்துக்கு, கடனுக்கு அல்ல. புகாரில் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் வந்தது என்பது எப்படியும் பதிவில் வரும். நீங்களாகச் சொன்னால் விளக்கம், அவர்கள் கண்டுபிடித்தால் பொய்.

உங்கள் கணக்கிலிருந்த பணத்தை எடுத்த வழக்கில் விதி வேறு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் பக்கமும் வங்கியின் பக்கமும் தவறில்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது உங்கள் நஷ்டம். சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் செலவில்தான் ஓடுகிறது.

5. "உன் பேர்ல எடுத்துக் கொடு, மாசாமாசம் நான் கட்டிடறேன்"னு சொன்னாரு. கையெழுத்துப் போட்டேன். இப்ப கட்டல. இதுவும் அடையாளத் திருட்டுதானே?

இல்லை. கேட்கவே கசப்பாக இருக்கும், ஆனால் பாதிப் பேருடைய நிலைமை இதுதான். தெரிந்தே கையெழுத்துப் போட்ட கடன் உங்கள் கடன். ஜாமீன் கையெழுத்தும் அப்படியே. நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையில் அவர் இல்லவே இல்லை. தவணையைக் கட்டி ஸ்கோரைக் காப்பாற்றிக்கொண்டு, பணத்தை அவரிடமிருந்து வசூலிக்க சிவில் வழக்குப் போடலாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். "நான் கட்டுகிறேன்" என்று அவர் எழுதிய செய்தி, முதல் சில தவணைக்கு உங்களுக்கு அனுப்பிய பணத்தின் ரசீது ஆகியவை இங்கே தங்கம்.

இதை அடையாளத் திருட்டு என்று மாற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. கேட்காதீர்கள். பொய்ப் புகார் கொடுப்பது தனிக் குற்றம்.

6. அவரு ஒழுங்கா கட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. தெரியாத மாதிரி விட்டுடலாமா?

அது உங்கள் முடிவு. ஆனால் மூன்று விஷயம் நடக்கும். உங்களுக்கு வீட்டுக் கடன் தேவைப்படும் அன்று இந்தத் தவணையும் உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். தெரிந்தும் பேசாமல் இருந்தது, பின்னால் சம்மதத்துக்குச் சாட்சியாகும். ஒன்றை அடைக்க அடுத்தது என்று அவர் உங்கள் பெயரில் இன்னொன்று எடுக்க வாய்ப்பு அதிகம். குறைந்தபட்சம் 3-ஆவது பதிலில் சொன்ன பிரதிகளையாவது வாங்கி வையுங்கள்.

7. சிபில் கெட்டுடக் கூடாதுன்னு ரெண்டு டியூ நானே கட்டிட்டேன். தப்பா?

கடிதம் கொடுக்கும் முன் கட்டியது சங்கடம்தான். "கடனை ஒப்புக்கொண்டுதானே கட்டினீர்கள்" என்பார்கள். ஏன் கட்டினீர்கள் என்பதை இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். இனிமேல் கட்டியே ஆகவேண்டிய நிலை என்றால், "இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஸ்கோர் பாதிக்காமலிருக்க ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள்.

"பாதி கட்டினால் முடித்துவிடுகிறோம்" என்று வரும் அழைப்புதான் உண்மையான பொறி. அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதிவாகும். அது கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவும் ஆகும், முழுதாகக் கட்டாதவர் என்றும் ஆகும்.

8. ஸ்டேஷன்ல "இது குடும்பப் பிரச்சனை, உக்காந்து பேசித் தீர்த்துக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. வேற வழி?

சொந்தக்காரர் செய்தால் குற்றமில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடுத்தவரின் கடவுச்சொல், மின் கையொப்பம், தனி அடையாளம் ஆகியவற்றை நேர்மையின்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு. 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஏமாற்றுதல், 319 ஆள்மாறாட்டம், 336 போலி ஆவணம், 340 அதை அசலாகப் பயன்படுத்துதல். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் போடுவார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். ஆகவே சப்-இன்ஸ்பெக்டரிடம் மல்லுக்கட்டாமல் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதிவு செய்து ஒப்புகை எண் வாங்குங்கள். மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். அது எஃப்ஐஆர் அல்ல, ஆனால் நீங்கள் போன தேதிக்கு அத்தாட்சி. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியுடன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த போலீசுக்கு இடமுண்டு. அதற்கு மேலும் இழுத்தால் எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்டில் மனு; அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். எஃப்ஐஆர் பிரதி உங்களுக்கு இலவசமாகத் தரப்படவேண்டும்.

66சி போன்ற 3 ஆண்டுக் குற்றங்களுக்கு 3 ஆண்டு காலக்கெடு இருக்கிறது. "தம்பி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

9. கேஸ் கொடுத்துட்டு, அவன் பணத்தைக் கட்டிட்டா வாபஸ் வாங்க முடியுமா?

ஏமாற்றுதல், ஆள்மாறாட்டம் இரண்டையும் கோர்ட் அனுமதியுடன் சமரசம் செய்துகொள்ளலாம். 66சி-யும் சமரசத்துக்கு உட்பட்டதே. போலி ஆவணப் பிரிவு சேர்ந்துவிட்டால் கீழ்க்கோர்ட்டில் முடியாது. இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கவேண்டும். தென் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போகவேண்டியிருக்கும். எஃப்ஐஆர் போட்ட அன்றே எல்லாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. பெரும்பாலும் சம்மன் வந்ததும்தான் பணம் புரளத் தொடங்குகிறது.

சமரசம் பேசினால் வெறும் வாக்குறுதி வேண்டாம். கடன் கணக்கு முழுதாக அடைக்கப்பட்டு, நிலுவை இல்லை என்ற கடிதம் உங்கள் கைக்கு வந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

10. புகார்ல அவன் பேரை எழுதாம, "யாரோ"ன்னு போட்டா போதாதா?

தெரிந்திருந்தும் "யாரோ" என்று எழுதினால் விசாரணையில் பணம் போன கணக்கின் பெயர் வெளிவரும்போது, நீங்களும் கூட்டு என்ற சந்தேகம் வரும். உறுதியாகத் தெரியாவிட்டால், ஏன் சந்தேகம் என்பதை உண்மை விவரமாக எழுதலாம்: ஆதார் நகல் யாரிடம் இருந்தது, போன் அன்று யார் கையில் இருந்தது. தீர்ப்பை நீங்கள் எழுதவேண்டாம்.

11. சிபில்ல இருந்து எப்படி எடுக்கிறது?

சிபில் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனம் சொன்னால்தான் மாற்றும். அதனால் 3-ஆவது பதிலில் சொன்ன கடிதம் முதலில் போகவேண்டும். பிறகு நான்கு நிறுவனங்களின் தளத்திலும் "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்று தகராறு (டிஸ்பியூட்) பதியுங்கள், கட்டணம் கிடையாது. எஃப்ஐஆர் அல்லது சிஎஸ்ஆர் பிரதியைக் கடன் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

30 நாளுக்குள் தீர்வு வரவேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்த விதியைக் கடிதத்தில் குறிப்பிட்டால் பதில் வரும் வேகமே தனி. நிறுவனம் 30 நாளாகியும் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. இலவசம், வக்கீல் தேவையில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் உங்கள் பெயரில் பயிர்க் கடன் போட்டிருந்தால் இந்த வழி செல்லாது. கூட்டுறவு துணைப் பதிவாளரிடம் மனு கொடுக்கவேண்டும்.

12. கலெக்‌ஷன் ஆளுங்க வீட்டு வாசல்ல வந்து கத்தறாங்க.

காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. நுண்கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து அவமானப்படுத்தக் கூடாது. வந்தவரிடம் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் கேளுங்கள், முத்திரை வாங்கிய உங்கள் கடிதத்தின் நகலைக் கையில் கொடுங்கள். வாய்ச் சண்டை வேண்டாம். போனில் பதிவு செய்யுங்கள்.

13. குழுத் தலைவி எங்க ஆதார், போட்டோவை வெச்சு எங்களுக்கே தெரியாம லோன் போட்டுட்டாங்க. குழுன்னா எல்லாருமே பொறுப்புன்னு சொல்றாங்களே?

குழுப் பொறுப்பு என்பது நீங்கள் கலந்துகொண்டு ஒப்புக்கொண்ட கடனுக்கு. போலிக் கையெழுத்துக்கு அல்ல. தீர்மான நோட்டுதான் இங்கே முக்கியம்: கடன் கேட்டுத் தீர்மானம் போட்ட தேதியில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். அன்று நீங்கள் நூறு நாள் வேலையில் இருந்திருந்தால் அந்த வருகைப் பதிவே சாட்சி. பாதிக்கப்பட்ட பெண்கள் தனித்தனியாகக் கடிதம் கொடுங்கள். ஒரே மனுவில் பத்துக் கையெழுத்து வைத்தால் ஒருவரை மடக்கியதும் மனுவே தளர்ந்துவிடும்.

14. என் பான் நம்பர்ல ஜிஎஸ்டி கம்பெனியே ஓடுதாம். நான் கூலி வேலை பார்க்கறேன்.

வேலை வாங்கித் தருவதாகவோ கடன் வாங்கித் தருவதாகவோ சொல்லி ஆவணம் வாங்கிய தெரிந்தவர்தான் பெரும்பாலும் இதன் பின்னால் இருப்பார். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடினால் பதிவு இருப்பது தெரியும். வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் வரிப் பிடித்த விவரம் உள்ள 26ஏஎஸ் படிவத்தையும் பாருங்கள். வந்த நோட்டீசுக்குக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். "எனக்குச் சம்பந்தமில்லை" என்று சும்மா இருந்தால் வரி உங்கள் பெயரில் உறுதியாகிவிடும். வணிகவரி அலுவலகத்தில் மனு, கூடவே போலீஸ் புகார், இரண்டும் வேண்டும்.

15. செஞ்சது என் வீட்டுக்காரர். அவரை எதிர்த்து எங்க போறது?

மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். கூடுதலாக, மனைவியின் பணத்தையும் சொத்தையும் பறிப்பது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதார வன்முறை. மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். 181 பெண்கள் உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100. அப்பாவின் பென்ஷன் ஏடிஎம் கார்டை மகனே வைத்துக்கொண்டிருக்கும் கதைக்கு முதியோர் உதவி எண் 14567.

16. வாட்ஸ்அப்ல "தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடு"ன்னு அனுப்பியிருக்கான். ஸ்கிரீன்ஷாட் போதுமா?

ஸ்கிரீன்ஷாட் ஆரம்பம்தான். எதிராளி "இது நான் அனுப்பியதில்லை" என்பார். செய்தி இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி சான்று இணைக்கவேண்டும். வக்கீலிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்கள்.

17. ஒரே வீட்ல இருக்கோம். திரும்பச் செய்யாம எப்படித் தடுக்கிறது?

ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அது கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றை மட்டும் பூட்டும். ஓடிபி வழி திறந்தே கிடக்கும். ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் மெய்நிகர் எண் (விஐடி) ஒன்றை உருவாக்கிக்கொண்டு ஆதார் எண்ணையே பூட்டுங்கள். நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்; நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது: குடும்பத்தில் நான்கு பேர் ஆதாருக்கும் ஒரே போன் எண். படித்த பிள்ளை ஒருவன் எல்லாவற்றையும் "பார்த்துக்கொள்வான்". உங்கள் ஆதாரிலும் பானிலும் வங்கியிலும் பதிவான எண் உங்கள் பையில் இருக்கும் போனுடையதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் ஆதார் சேவை மையத்தில் முதலில் அதை மாற்றுங்கள், பிறகு வங்கியில். ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் சிபில் அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் அவர்களிடம் பதிவான எண்ணுக்குத்தான் போகும். அது இன்னும் அவருடைய எண்ணாகவே இருந்தால், உங்களுக்கான எச்சரிக்கை அவர் கைக்குத்தான் போய்ச் சேரும்.